ஒரு கிலோ குழந்தையும் 350 மில்லி ரத்தப் பையும்

பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கிறது என்று டாக்டர் வந்து சொல்வார். அப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்து நிற்பார். “எதுக்கு டாக்டர் வெளி ரத்தம்? என் ரத்தத்தையே எடுத்துக்குங்க. எனக்கும் அவனுக்கும் ஒரே குரூப்தான்.” டாக்டர் வேண்டாம் என்பார். அப்பாவுக்கு ஒன்றும் புரியாது. பெற்றவன் ரத்தத்தைவிடப் பாதுகாப்பான ரத்தம் எங்கே கிடைத்துவிடும்?

அவர் கேட்பதில் நியாயம் இருப்பதுபோலத்தான் தெரிகிறது. ஆனால் பிறந்த குழந்தைக்கு ரத்தம் ஏற்றுகிற விஷயத்தில் பொது அறிவு பல இடங்களில் காலை வாரிவிடும். உறவுக்காரர் ரத்தம் நல்லது, இன்றைக்கு எடுத்த ரத்தம் நல்லது, கொஞ்சம் தாராளமாகவே ஏற்றிவிடுவது நல்லது என்று நாம் நினைப்பதையெல்லாம் மருத்துவர்களும் ஒரு காலத்தில் நினைத்தார்கள். பிறகு ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தபோது பல தேறவில்லை.

அடிப்படைச் சிக்கல் அளவில் இருக்கிறது. ரத்த வங்கி என்கிற ஏற்பாடு முழுவதும் பெரியவர்களை மனதில் வைத்து உருவானது. நம் ஊரில் ஒருவரிடம் எடுப்பது 350 மில்லி அல்லது 450 மில்லி. பை, அதிலுள்ள பாதுகாப்புத் திரவம், சேமிக்கும் நாள் கணக்கு எல்லாம் அந்த அளவுக்கானவை. ஒரு கிலோ எடையில் பிறந்த குறைமாதக் குழந்தையின் உடம்பில் மொத்தமாகவே 90 முதல் 100 மில்லி ரத்தம்தான் ஓடுகிறது. டீக்கடைக் கண்ணாடி கிளாஸ் ஒன்று நிரம்பும், அவ்வளவுதான். பெரியவருக்கு ஒன்றுமே செய்யாத சின்னச் சின்ன விஷயங்கள் இந்த ஒரு கிளாஸ் ரத்தத்தில் பெரிய விஷயமாகிவிடுகின்றன.

சரி, அப்பாவிடம் வருவோம்.

அப்பாவின் ரத்தம்

அவருடைய ஆசை 1908இல் நியூயார்க்கில் ஒருமுறை நிறைவேறியது. அட்ரியன் லாம்பர்ட் என்கிற அறுவை மருத்துவரின் மகள், பிறந்து ஐந்தே நாள். உடம்பில் ரத்தக்கசிவு நிற்கவே இல்லை. ரத்தக் குழாய்களை ஒன்றோடொன்று தைத்து இணைப்பதில் கைதேர்ந்தவரான அலெக்சிஸ் கேரல் அப்போது அதே ஊரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு ஆண்டு கழித்து இந்தத் தையல் கலைக்காகவே நோபல் பரிசு வாங்கியவர். அவரை இரவோடு இரவாக எழுப்பி அழைத்து வந்தார்கள். அப்பாவின் மணிக்கட்டுத் தமனியைக் குழந்தையின் காலில் உள்ள சிரையோடு நேரடியாகத் தைத்துவிட்டார் கேரல். காகிதம்போல் வெளுத்துக் கிடந்த குழந்தை மெல்ல மெல்லச் சிவந்தது. பிழைத்தும்விட்டது.

எத்தனை மில்லி போனது என்று அளக்க எந்த வழியும் இல்லை. குரூப் பார்க்கவில்லை, லேண்ட்ஸ்டெய்னர் ரத்த வகைகளைக் கண்டுபிடித்துச் சில ஆண்டுகள் ஆகியிருந்தாலும் ஏற்றுவதற்கு முன் பார்க்கும் வழக்கம் இன்னும் வரவில்லை. அந்தப் பெண் குழந்தை பிழைத்ததில் கேரலின் விரல்களுக்கு எவ்வளவு பங்கோ, அதிர்ஷ்டத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிறந்த சில நாட்களில் இப்படி ரத்தம் கசிவதற்கு முக்கியக் காரணம் வைட்டமின் கே குறைபாடு என்பது பின்னால்தான் தெரிந்தது. இன்று பிரசவ அறையிலேயே தொடையில் ஒரு மில்லிகிராம் ஊசி போட்டுவிடுகிறார்கள். கேரல் இன்றைக்கு இருந்திருந்தால் அந்த இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

இப்போது அப்பா ரத்தம் கொடுத்தால் என்ன ஆகும்? இரண்டு ஆபத்து. குழந்தையின் அணுக்களில் பாதி அடையாளம் அம்மாவிடமிருந்தும் பாதி அப்பாவிடமிருந்தும் வந்தவை. அப்பாவின் ரத்தத்தோடு போகும் வெள்ளையணுக்களைக் குழந்தையின் உடம்பு சில நேரங்களில் ‘இது நம்ம ஆள்தான்’ என்று எண்ணி விட்டுவிடும். ஆனால் அந்த வெள்ளையணுக்கள் குழந்தையை அப்படி நினைப்பதில்லை. உள்ளேயே குடியேறிப் பெருகி, குழந்தையின் தோல், குடல், கல்லீரல், கடைசியில் எலும்பு மஜ்ஜை என்று ஒவ்வொன்றாகத் தாக்கும். விருந்தாளியாக வந்தவன் வீட்டுக்காரனை அடித்து விரட்டுகிற கதை. மிக அரிதாகத்தான் நடக்கும். நடந்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இறந்துவிடுகிறார்கள். அந்நியர் ரத்தத்தில் இந்த ஆபத்து குறைவு. ரத்த உறவுகளின் ரத்தத்தில் அதிகம்.

இரண்டாவது, கர்ப்ப காலத்தில் அம்மாவின் உடம்பு அப்பாவின் அடையாளங்களுக்கு எதிராக எதிர்ப்புப் புரதங்களை உண்டாக்கியிருக்கலாம். அவை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கு வந்து ரத்தத்தில் மிதந்துகொண்டிருக்கும். அப்பாவின் சிவப்பணுக்கள் உள்ளே போனதும் அவற்றுக்கு வேலை கிடைத்துவிடும். இதே காரணத்தால் அம்மாவின் ரத்தமும் சரிப்படாது. அவர் பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியில், அந்தப் புரதங்கள் இன்னும் தாராளமாக இருக்கும். குழந்தையின் தட்டணுக்களை (பிளேட்லெட்) அம்மாவின் புரதங்களே அழிக்கும் ஓர் அபூர்வ நோயில் மட்டும், அம்மாவின் தட்டணுக்களைக் கழுவி எடுத்துக் குழந்தைக்குக் கொடுப்பதுண்டு.

வேறு வழியே இல்லாமல் உறவினர் ரத்தம் கொடுக்க நேர்ந்தால் முதலில் அதற்குக் கதிர்வீச்சு கொடுக்க வேண்டும். 25 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவில் கொடுத்தால் வெள்ளையணுக்கள் பெருகும் திறனை இழந்துவிடும். சிவப்பணுக்கள் வேலை செய்யும். கருவிலிருக்கும்போதே ரத்தம் ஏற்றப்பட்ட குழந்தைகளுக்கும் இது கட்டாயம். அதற்கான கருவி எல்லா ரத்த வங்கிகளிலும் இல்லை; பெரிய மையங்களில்தான் இருக்கிறது. ஆகவே அந்த அப்பாவிடம் டாக்டர்கள் சொல்வது: கொடுக்கிற ரத்தத்தை வங்கியில் கொடுங்கள், அது வேறொரு வீட்டுப் பிள்ளைக்குப் போகட்டும்; உங்கள் பிள்ளைக்கு யாரோ கொடுத்தது ஏற்கெனவே பரிசோதனை முடிந்து குளிர்பெட்டியில் இருக்கிறது.

19 பேர்

1981 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் ஒரு குழந்தை பிறந்தது. அம்மாவுக்கும் குழந்தைக்கும் ஆர்எச் பொருத்தமில்லை, அதாவது ரத்த வகையில் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று சொல்கிறோமே, அது ஒத்துப்போகவில்லை. குழந்தையின் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை ஏறிக்கொண்டே போனதால் ரத்தத்தை மாற்றி மாற்றி ஏற்ற வேண்டியிருந்தது. சில நாட்களுக்குள் 19 பேர் கொடுத்த ரத்தமும் ரத்தப் பொருள்களும் அந்த உடம்புக்குள் போயின. காமாலை தீர்ந்து வீட்டுக்குப் போன குழந்தைக்கு மாதங்கள் கழித்து, எந்த வைத்தியத்துக்கும் அடங்காத தொற்றுகள் வரத் தொடங்கின. பின்னோக்கித் தேடியபோது, அந்த 19 பேரில் தட்டணு கொடுத்த ஒருவருக்குப் பிற்பாடு எய்ட்ஸ் வந்திருந்தது தெரிந்தது. கொடுத்த நாளில் அவர் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தவர். 1982 டிசம்பரில் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் வெளியிட்ட இந்தக் குறிப்புதான், எய்ட்ஸ் ரத்தம் வழியாகப் பரவும் என்பதற்கு உலகுக்குக் கிடைத்த முதல் வலுவான சாட்சிகளில் ஒன்று. எச்.ஐ.வி. வைரஸையே அப்போது யாரும் கண்டுபிடித்திருக்கவில்லை.

இந்தக் கதையை எய்ட்ஸ் வரலாறாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் உறுத்துவது அந்த 19 என்கிற எண். பரிசோதனை என்பது நமக்குத் தெரிந்த கிருமிகளுக்கு மட்டும்தான். தெரியாத கிருமிக்கு ஒரே பாதுகாப்பு, எத்தனை பேருடைய ரத்தம் உள்ளே போகிறது என்கிற கணக்கைக் குறைப்பது.

குறைமாதக் குழந்தைக்கு ஒருமுறை ஏற்றுவது கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி. ஒரு கிலோ குழந்தைக்கு 15 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுப் பையைத் திறந்து 15 மில்லியை உறிஞ்சிவிட்டால் காற்றுப் பட்ட மீதியை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க முடியாது, கொட்ட வேண்டியதுதான். நாலு நாள் கழித்து மறுபடி தேவைப்பட்டால் புதுப் பை, புது ஆள். இரண்டு மாதம் வார்டில் இருக்கும் குழந்தைக்கு இப்படி ஐந்தாறு பேர், சில நேரம் இன்னும் அதிகம்.

இதற்குக் கிடைத்த தீர்வு அதிகம் செலவில்லாதது. ஒருவர் கொடுத்த ரத்தத்தைக் காற்றுப் படாமல் நாலு முதல் எட்டு குட்டிப் பைகளில் பிரித்து, அத்தனையும் ஒரே குழந்தையின் பெயரில் ஒதுக்கி வைத்துவிடுவது. இன்று ஒன்று, அடுத்த வாரம் ஒன்று. கொடையாளர் ஒருவரேதான். குழாய்களைக் கிருமி படாமல் ஒட்டும் சிறு கருவி ஒன்று இருந்தால் சாதாரணப் பையிலிருந்தே பிரித்துக்கொள்ளலாம். இவ்வளவு எளிதான ஏற்பாடு இருந்தும் சிறிய ஆஸ்பத்திரிகள் பலவற்றில் முழுப் பை வருவதும் முக்கால் பை குப்பைக்குப் போவதும் இன்னும் நடக்கிறது. ரத்த தானத்துக்கு அவ்வளவு விளம்பரம் செய்கிற ஊரில் இது எனக்குப் பொறுக்கமுடியாத வீணடிப்பாகப் படுகிறது.

தெரிந்த கிருமிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியாவில் ஒவ்வொரு பைக்கும் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ், மலேரியா என ஐந்து பரிசோதனைகள் கட்டாயம். வைரஸின் மரபணுவையே தேடும் நாட் பரிசோதனை கட்டாயமில்லை. வசதியுள்ள மையங்கள் செய்கின்றன. தொற்று ஏற்பட்டதற்கும் அது பரிசோதனையில் தெரிவதற்கும் நடுவே உள்ள இருட்டு நாட்களை நாட் குறைக்கும், முழுக்கப் போக்காது. ஆனால் 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் நடந்ததை நினைத்தால், கருவியைவிட ஒழுங்குமுறைதான் முதலில் வேண்டும் என்று தோன்றும். கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. வேறொரு வேலைக்காகப் பரிசோதனை செய்துகொண்டு, தனக்குத் தொற்று இருப்பதை அறிந்த கொடையாளரே தகவல் சொன்ன பிறகுதான் அது வெளியே வந்தது. அம்மாவுக்கு உடனே மருந்து தொடங்கினார்கள். மறு மாதம் பிறந்த குழந்தைக்குத் தொற்று இல்லை என்று பின்னர் பரிசோதனைகள் காட்டின. அந்த ஒரு நல்ல செய்திதான் அதில் மிச்சம்.

வடிகட்டியும் தாய்ப்பாலும்

சைட்டோமெகலோ வைரஸ் என்று ஒன்று. நம்மில் பெரும்பாலோருக்குச் சின்ன வயதிலேயே வந்து, சளிக்காய்ச்சல்போலப் போய்விடும். போய்விடும் என்று சொல்வதும் தப்பு. வெள்ளையணுக்களுக்குள் வாழ்நாள் முழுக்க உறங்கிக்கொண்டிருக்கும். ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே பிறந்த குழந்தையின் உடம்பில் விழித்துக்கொண்டால் நுரையீரலையும் கல்லீரலையும் பாதிக்கலாம், உயிரே போகலாம். 1981இல் அமெரிக்காவில் ஆன் யீகர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதைப் பட்டவர்த்தனமாகக் காட்டியது. வைரஸ் இல்லாத தாய்மாருக்குப் பிறந்து, வைரஸ் உள்ளவர்களின் ரத்தம் பெற்ற 74 குழந்தைகளில் 10 பேருக்குத் தொற்று வந்தது. வைரஸ் இல்லாதவர்களின் ரத்தம் மட்டும் பெற்ற 90 பேரில் ஒருவருக்குக்கூட வரவில்லை.

அப்படியானால் வைரஸ் இல்லாத கொடையாளர்களாகப் பார்த்து எடுக்க வேண்டியதுதானே? அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அப்படித்தான் செய்தார்கள். இந்தியாவில் அது நடக்கிற காரியமில்லை. இங்கே ரத்தம் கொடுக்க வரும் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்த வைரஸைச் சந்தித்தவர்கள். நமக்கு உதவுவது வடிகட்டி. ஒரு பையில் நூறு கோடிக்கு மேல் வெள்ளையணுக்கள் இருக்கும்; நல்ல வடிகட்டி அதைச் சில லட்சங்களுக்குக் கொண்டுவந்துவிடும். பிரிட்டன் 1999 முதல் எல்லாப் பைகளையும் இப்படி வடிகட்டித்தான் கொடுக்கிறது. இங்கே வடிகட்டிக்குத் தனிச் செலவு என்பதால் கேட்டால்தான் கிடைக்கும். வடிகட்டினால் கதிர்வீச்சு தேவையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. முன்னே சொன்ன விருந்தாளிச் சண்டைக்கு, தப்பிப் போகிற கொஞ்ச வெள்ளையணுக்களே போதும்.

2014இல் அட்லாண்டாவிலிருந்து ஒரு சுவாரசியமான முடிவு வந்தது. ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே பிறந்த 539 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். கொடுத்த ரத்தம் எல்லாம் வைரஸ் இல்லாதவர்களுடையது, வடிகட்டியதும்கூட. ரத்தத்தால் ஒரு குழந்தைக்கும் தொற்று வரவில்லை. ஆனாலும் பிறந்த பிறகு தொற்று வந்த 28 குழந்தைகளில் 27 பேர் குடித்தது வைரஸ் உள்ள தாய்ப்பால். இதைப் படித்துவிட்டு யாரும் தாய்ப்பாலை நிறுத்திவிட வேண்டாம். நிறைமாதக் குழந்தைக்கு இதனால் ஒன்றும் ஆகாது. குறைமாதக் குழந்தைக்கும் தாய்ப்பால் தரும் நன்மை மிக மிகப் பெரிது. ரத்தத்தின் பக்கத்துக் கதவை நன்றாகவே அடைத்துவிட்டார்கள் என்பதுதான் அந்த ஆய்வு சொல்வது.

புது ரத்தம், பழைய ரத்தம்

“இன்னைக்கு எடுத்த ரத்தமா பாத்துக் குடுங்க” என்பதும் குடும்பத்தார் வழக்கமாகக் கேட்பதுதான். சிவப்பணுப் பையைக் குளிர்பெட்டியில் 35 அல்லது 42 நாள் வரை வைக்கலாம். எத்தனை நாள் என்பது அதில் சேர்த்திருக்கும் திரவத்தைப் பொறுத்தது. வைக்க வைக்கச் சிவப்பணுக்களுக்குள்ளிருந்து பொட்டாசியம் வெளியே கசியும். நம் ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 4, 5 மில்லிமோல். 42ஆம் நாள் பையின் திரவத்தில் 50 வரை போய்விடும். பொட்டாசியம் சட்டென ஏறினால் இதயம் நின்றுபோகலாம். இந்த எண்ணைப் பார்த்தால் பயம் வரத்தான் செய்யும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் பாதி தெளிந்துவிடும். ஒரு கிலோ குழந்தைக்கு 15 மில்லி ஏற்றுகிறோம். அதில் திரவம் சுமார் 6 மில்லி. லிட்டருக்கு 50 என்றாலும் அந்த 6 மில்லியில் இருப்பது 0.3 மில்லிமோல்தான். அதே குழந்தைக்கு ஒரு நாளைக்குத் தேவையான பொட்டாசியமே 2, 3 மில்லிமோல். மூன்று நான்கு மணி நேரத்தில் மெதுவாக ஏற்றினால் உடம்பு தாங்கிக்கொள்ளும். அமெரிக்காவில் அயோவாவில் ரொனால்டு ஸ்டிராஸ் போன்றவர்கள் இந்தக் கணக்கை வைத்துத்தான், ஒரே கொடையாளரின் குட்டிப் பைகளைக் கடைசி நாள் வரை பயன்படுத்தலாம் என்று வாதாடினார்கள். கனடாவில் 377 குறைமாதக் குழந்தைகளை வைத்து 2012இல் வந்த ஆய்வு அதை உறுதிப்படுத்தியது. ஏழு நாளுக்குள் எடுத்த ரத்தம் பெற்றவர்களில் 52.7 சதவீதம் பேருக்குப் பெரிய பாதிப்புகள். வழக்கமான ரத்தம் பெற்றவர்களில் 52.9. புதுசுக்கும் பழசுக்கும் வித்தியாசமே இல்லை.

குழந்தையின் ரத்தம் முழுவதையும் மாற்றி ஏற்றும்போது கதை வேறு. அங்கே போவது கிலோவுக்கு 160, 170 மில்லி; மூன்று கிலோ குழந்தைக்கு அரை லிட்டர். அப்போது 5 நாளுக்குள் எடுத்த ரத்தம்தான் வேண்டும். கதிர்வீச்சு கொடுத்தால் பொட்டாசியம் இன்னும் வேகமாகக் கசியும் என்பதால், அதிக அளவு ஏற்றும் தேவைக்குக் கதிர்வீச்சு முடிந்த 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். ஒரு ஆபத்தைத் தடுக்கப் போய் இன்னொன்றைக் கூட்டிக்கொள்வது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும். வேகம்தான் இதில் முக்கியம். அதனால்தான் சொட்டுச் சொட்டாகத் தொங்கவிடாமல் சிரிஞ்ச் பம்பில் வைத்து, மணிக்கு இத்தனை மில்லி என்று அளந்து விடுகிறார்கள்.

எந்த லட்சுமியின் குழந்தை?

பிறந்த குழந்தையின் ரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்புப் புரதங்கள் அதனுடையவை அல்ல, அம்மாவுடையவை. ஏ, பி வகைகளுக்கு எதிரான புரதங்களைக் குழந்தை தானாக உருவாக்க மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். ஆகவே குழந்தைக்கு ரத்தம் தேடும்போது அம்மாவின் மாதிரியையும் ரத்த வங்கி கேட்கும். அம்மா ஓ, குழந்தை ஏ என்றால் ஏ ரத்தம் கொடுக்கமாட்டார்கள். இருவருக்கும் ஒத்துப்போகிற ஓ தான். ‘என் பிள்ளை ஏ பாசிட்டிவ், ஓ ரத்தத்தை மாற்றி ஏற்றிவிட்டார்கள்’ என்று சண்டைக்குப் போகும் குடும்பங்கள் உண்டு. பெரும்பாலும் அங்கே தவறு ஏதும் நடந்திருக்காது. முதல் பரிசோதனையில் அம்மாவின் ஆபத்தான புரதங்கள் எதுவும் இல்லையென்றால், நாலு மாத வயது வரை திரும்பத் திரும்பப் பொருத்தம் பார்க்க ரத்தம் எடுக்க வேண்டியதில்லை என்பது பல நாடுகளில் விதி. பொருத்தம் பார்க்க எடுக்கிற ரத்தமும் அந்த ஒரு கிளாஸிலிருந்துதானே போகிறது?

ரத்தம் ஏற்றுவதில் உயிரைக் குடிக்கும் தவறுகள் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில் நடப்பதில்லை, பெயரில் நடக்கின்றன. பிறந்த குழந்தைக்குப் பெயர் கிடையாது. காலில் கட்டிய பட்டையில் ‘பேபி ஆஃப் லட்சுமி’ என்றிருக்கும். ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரி வார்டில் ஒரே நாளில் மூன்று லட்சுமிகள் இருக்கலாம். அதில் ஒருத்திக்கு இரட்டைக் குழந்தைகளாகவும் இருக்கலாம். நியூயார்க்கின் மான்டிஃபியோர் மருத்துவமனையில் இதற்கு ஒரு சின்ன மாற்றம் செய்து பார்த்தார்கள். பொதுவாக ‘பாய்’, ‘கேர்ள்’ என்று மட்டும் எழுதாமல், அம்மாவின் முதல் பெயரையும் சேர்த்து ஒரே சொல்லாகக் குழந்தைக்குத் தற்காலிகப் பெயர் வைத்தார்கள். தவறான குழந்தையின் பெயரில் மருத்துவ உத்தரவு போடுவது 36 சதவீதம் குறைந்தது. ஒரு ரூபாய் செலவில்லை. நம் ஊரில் அம்மாவின் ஐ.பி. நம்பரும் (உள்நோயாளி எண்) பிறந்த நேரமும் பட்டையில் தெளிவாக இருந்து, பையைத் தொங்கவிடும் முன் இரண்டு பேர் சத்தமாகப் படித்து ஒப்பிட்டால் போதும். இரவு இரண்டு மணிக்கு, ஒரு நர்ஸ் பத்துக் குழந்தைகளைப் பார்க்கும் வார்டில் அந்த இரண்டாவது ஆள் எங்கிருந்து வருவார் என்பதுதான் கேள்வி.

எந்த அளவில் ஏற்றுவது

இதுவரை சொன்னவை எல்லாம் பையைப் பற்றியவை. கடந்த பத்தாண்டுகளில் பெரிய மாற்றம் வந்தது வேறு இடத்தில்: எப்போது ஏற்ற வேண்டும் என்பதில்.

ஹீமோகுளோபின் எவ்வளவு இறங்கினால் ஏற்றுவது? தாராளமாக ஏற்றினால் மூளைக்கு ஆக்சிஜன் நன்றாகக் கிடைக்கும், பிள்ளை நன்றாக வளரும் என்று ஒரு தரப்பு நம்பியது. அமெரிக்காவில் ஒரு கிலோவுக்குக் கீழே பிறந்த 1,824 குழந்தைகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு அதிக அளவிலேயே ஏற்றினார்கள், மற்றதற்குக் குறைய விட்டு ஏற்றினார்கள். இரண்டு வயது வரை பொறுத்திருந்து பார்த்தார்கள். இறப்பு அல்லது மூளை வளர்ச்சிக் குறை: தாராளப் பிரிவில் 50.1 சதவீதம், சிக்கனப் பிரிவில் 49.8. அதே 2020இல் ஐரோப்பாவில் 1,013 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வும் கிட்டத்தட்ட இதையே சொன்னது. 2024இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், முதல் வாரத்தில் சுவாச உதவியில் இருக்கும் குழந்தைக்கு 11 கிராம், இல்லாத குழந்தைக்கு 10 என்று தொடங்கி, வாரங்கள் போகப் போக இன்னும் குறைய விட்டுக் காத்திருக்கலாம் என்கிறது. இன்னும் கீழே இறங்கலாமா என்பதற்கு இந்த ஆய்வுகளில் பதில் இல்லை. சோதித்தது இந்த எல்லைக்குள்தான்.

தட்டணு விஷயம் இன்னும் அதிர்ச்சி. டெங்கு சீசன் புண்ணியத்தில் ‘பிளேட்லெட் எவ்வளவு?’ என்று கேட்கத் தெரியாத வீடு தமிழ்நாட்டில் இல்லை. எண்ணிக்கை குறைந்தால் ஏற்று என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். பிரிட்டன், அயர்லாந்து, நெதர்லாந்து மூன்று நாடுகளிலும் 660 குறைமாதக் குழந்தைகளில் பாதிப் பேருக்கு 50,000க்குக் கீழே போனதும் ஏற்றினார்கள். மீதிப் பேருக்கு 25,000க்குக் கீழே போன பிறகுதான். ரத்தக்கசிவைத் தடுப்பதற்காகத்தானே முன்கூட்டியே ஏற்றுகிறோம்? 2019இல் முடிவு வந்தபோது, முன்கூட்டி ஏற்றியவர்களில் 26 சதவீதம் பேர் இறந்தோ பெரிய ரத்தக்கசிவுக்கு ஆளாகியோ இருந்தார்கள். காத்திருந்தவர்களில் 19. மருந்தாக நினைத்தது ஊறு செய்திருக்கிறது. பெரியவர்களின் தட்டணுக்கள் பிறந்த குழந்தையுடையவற்றைவிடத் துடிப்பானவை, அவை அழற்சியைத் தூண்டுகின்றன என்பது சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று.

சிவப்பணுவிலும் இதேபோல் ஒரு வயது வித்தியாசம் உண்டு. குறைமாதக் குழந்தையின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுகப் பிடித்திருக்கும். பெரியவருடையது தாராளமாக விட்டுவிடும். வளர்ந்துகொண்டிருக்கும் விழித்திரைக்கு அந்தத் தாராளம் நல்லதில்லையோ என்ற சந்தேகத்தில், பிற குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து பிரித்த சிவப்பணுக்களை ஏற்றிப் பார்க்கும் ஆய்வை இத்தாலிய மருத்துவமனைகள் சில சேர்ந்து நடத்தின. பெரியவர்களுக்கான பையை விட்டு வெளியே வரும் முதல் உருப்படியான முயற்சி அதுதான் என்பேன்.

ஏற்றாமலே பார்த்துக்கொள்வது

இங்கிலாந்தில் எசெக்ஸ் பகுதியின் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் 1950களில் ஜீன் வார்ட் என்கிற நர்ஸ் குறைமாதக் குழந்தைகளைத் தோட்டத்து வெயிலில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுத் திரும்பக் கொண்டுவருவார். ஒருநாள் ஒரு குழந்தையைக் காட்டினார்: உடம்பெல்லாம் வெளிறியிருக்க, துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாக இருந்தது. பிறகு காமாலைக் குழந்தையின் ரத்த மாதிரி இருந்த கண்ணாடிக் குழாய் ஒன்று தவறுதலாக ஜன்னலோர வெயிலில் கிடந்து, அதில் பிலிரூபின் என்கிற காமாலையின் மஞ்சள் பொருள் குறைந்திருப்பதும் தெரிந்தது. அங்கிருந்த டாக்டர் கிரீமர் 1958இல் விளக்கொளிச் சிகிச்சையை வெளியிட்டார். இன்று எல்லா வார்டிலும் இருக்கும் நீல விளக்கு அதுதான். ஆனால் வீட்டு வாசல் வெயிலை அதற்குப் பதிலாக நம்பிவிடக் கூடாது. காமாலைக்காக ரத்தம் மாற்றுவது இப்போது அரிதாகிவிட்டதற்கு இந்த விளக்கும், ஆர்எச் நெகட்டிவ் அம்மாக்களின் உடம்பு குழந்தையின் ரத்தத்துக்கு எதிரான புரதங்களை உண்டாக்காமல் தடுக்கப் போடும் ஆன்டி-டி ஊசியும் காரணம். அந்த ஊசிக்கான பிளாஸ்மாவை ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் 81 வயது வரை 1,173 முறை கொடுத்தார். சிறுவயதில் பெரிய அறுவை சிகிச்சை ஒன்றில் பிறர் ரத்தத்தால் பிழைத்தவர், 2025இல் காலமானார்.

குழந்தைக்கு மிக ஒத்துப்போகிற ரத்தம் அதன் சொந்த ரத்தம். பிறந்த நொடியில் அதில் ஒரு பங்கு நஞ்சுக்கொடியில் இருக்கிறது. தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் ஒரு நிமிடமாவது பொறுத்தால் அது குழந்தைக்கே வந்துசேரும். 2018இல் 18 ஆய்வுகளை, சுமார் 2,800 குறைமாதக் குழந்தைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இப்படிப் பொறுத்ததில் மருத்துவமனை இறப்பு கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது; ரத்தம் ஏற்ற வேண்டியவர்களும் குறைந்தார்கள். பொறுக்க நேரமில்லை என்று கொடியைக் கையால் உருவி ரத்தத்தைத் தள்ளிவிடும் பழக்கம் வந்தது. 28 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்கு அதனால் மூளைக்குள் கடும் ரத்தக்கசிவு அதிகமானதால் 2019இல் வெளியான ஓர் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்த நேர்ந்தது. அவசரப்பட்டால் இங்கே எதுவும் சரிவருவதில்லை.

கடைசியாக, ரத்தம் குறைவதற்கான காரணத்தையே பார்க்க வேண்டும். குறைமாதக் குழந்தைக்கு முதல் வாரங்களில் ரத்தசோகை வர மிக முக்கியக் காரணம் நாம்தான். சோதனைக்கு, சோதனைக்கு என்று எடுக்கிறோம். ஒரு கிலோ குழந்தையிடம் 1 மில்லி எடுப்பது பெரியவர் ஒருவரிடம் 50 மில்லி எடுப்பதற்குச் சமம். நாள் முழுக்கச் சேர்ந்து 5 மில்லி எடுத்தால், பெரியவரிடம் கால் லிட்டர் எடுத்ததுபோல. முதல் நாள் சோதனைகள் பலவற்றை நஞ்சுக்கொடியில் மிஞ்சியிருக்கும் ரத்தத்திலிருந்தே செய்யலாம். சில துளிகளில் பல சோதனைகளை முடிக்கும் கருவிகள் இருக்கின்றன. நேற்று எடுத்த சோதனையை இன்றும் எதற்கு எழுதுகிறோம் என்று ஒருவர் கேட்டாலே பாதி குறையும்.

கேஸ் ஷீட்டில் ஏற்றிய ரத்தத்துக்கு ஒரு கட்டம் எப்போதும் உண்டு. சில பிரிவுகளில் எடுத்த ரத்தத்துக்கும் ஒரு கட்டம் போட்டு, ஊசி குத்தும் ஒவ்வொரு முறையும் எத்தனை மில்லி என்று நர்ஸ் எழுதுகிறார். மாதக் கடைசியில் இரண்டையும் கூட்டிப் பார்த்தால், எடுத்தது அதிகமாக உள்ள குழந்தைக்குத்தான் ஏற்றியதும் அதிகமாக இருக்கும்.